மதகு திறக்குமுன்

யோகராணிக்கு அந்த ஆலையைக் கண்ட முதல் நாளே பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று வாய் திறந்து சொல்லுகிற பழக்கம் அவளிடம் இல்லை. காரை நிறுத்திவிட்டு, "எப்பிடி இருக்கு?" என்று கணவன் செல்வரட்ணம் கேட்டபோது, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். மனதுக்குள் இருந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

கறுத்த கல்லில் மூன்று மாடி. நிறையச் சின்னச் சின்ன ஜன்னல்கள். பக்கச் சுவரை ஒட்டி, ஒரு வீட்டின் உயரத்துக்கு இரும்பும் மரமுமாக ஒரு பெரிய சக்கரம். அதற்குக் கீழே ஆழமான குழி. எட்டிப் பார்த்தால் பாசி பிடித்த கல்லும் இருட்டும்தான் தெரிந்தன. இப்படியான இடத்தில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டை, பூப்பு நீராட்டுச் சடங்கை, வைக்கலாமென்று நினைக்க எவருக்கு மனம் வரும்? செல்வரட்ணத்துக்கு வந்தது.

அவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. சிட்னியில் எங்கள் சனத்துக்கு இந்த வியாதி பிடித்து வருடக்கணக்காகிவிட்டது. லிட்கம்மில் ஒருவர் தன் மகளைக் குதிரை வண்டியில் ஊர்வலமாகக் கொண்டுவந்தார். மெல்பேர்ணில் ஒருவர் ஹெலிகொப்டரில் இறக்கினார். பிள்ளை மயங்கி விழுந்தது வேறு கதை, வீடியோவில் அதை வெட்டிவிட்டார்கள். குவேக்கர்ஸ் ஹில்லில் இரண்டு மாடி வீடு கட்டி, சொந்தத்தில் கம்பனி நடத்துகிற செல்வரட்ணம் இவர்களுக்குக் குறைந்து போகலாமா? இரவிரவாகக் கம்ப்யூட்டரில் தேடி இந்த ஆலையைக் கண்டுபிடித்தார். ஹெலன்ஸ்பர்க் கோயிலையும் தாண்டி, மலைப்பக்கமாக இன்னும் நெடுந்தூரம் ஓட வேண்டும். முந்தி கம்பளி நெய்த ஆலை, இப்போது கலியாண மண்டபம். வாடகையோடு சேர்த்துச் சக்கரத்தையும் சுற்றிக் காட்டுவார்களாம். மகள் மிதுஷா சேலை உடுத்து, நகை பூட்டி, சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற சின்னப் பாலத்தில் வந்து நிற்பாள். சரியாகச் சுபநேரத்தில் சக்கரம் தண்ணீரை வாரிக்கொண்டு சுழலத் தொடங்கும். மேலே கமரா பறக்கும். கனடாவிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிற சொந்தக்காரர் நேரலையில் பார்த்து மூக்கில் விரல் வைப்பார்கள்.

மிதுஷாவுக்குப் பதின்மூன்று வயது. அவள் பெரியபிள்ளையாகி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. மண்டபம் கிடைக்கவில்லை, சோதிடர் சொன்ன மாதம் சரியில்லை, அத்தைக்கு லீவு இல்லை என்று தள்ளித் தள்ளிப் போனதில், அந்தப் பிள்ளை இந்த விசயமே மறந்துபோகும் என்று நம்பியிருந்தது. அழைப்பிதழ் அச்சாகி வந்த அன்று அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டது. யோகராணி கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினாள். உள்ளேயிருந்து இங்கிலீசில்தான் பதில் வந்தது. எனக்கு நடந்தது எனக்கு நடந்தது, அதை நானூறு பேர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள் பிள்ளை. என்னுடைய வகுப்புப் பெடியன்களின் தாய் தகப்பனையும் அப்பா அழைத்திருக்கிறார், அது தெரியுமா என்றும் கேட்டாள்.

யோகராணிக்குத் தெரியும். தான் இந்தப் பிள்ளையின் வயதில் ஒரு மூலையில் குந்தியிருந்து, வருகிற சனமெல்லாம் தன்னைப் பார்த்துச் சிரித்ததை நினைத்துக் கூனிக்குறுகியதும் அவளுக்கு மறக்கவில்லை. என்றாலும், "ஒரு நாள் கூத்துத்தானே பிள்ளை, அப்பாவுக்காக" என்றாள். அவள் செய்த முதல் பிழை அது.

ஒழுங்குகள் பேச மகளையும் கூட்டிக்கொண்டு போன அன்று அவர்களுக்கு ஆலையைச் சுற்றிக் காட்டியவர் அலஸ்டர் என்ற வெள்ளைக்காரர். வயதானவர், நெடுநெடுவென்ற உயரம். அவருடைய பாட்டனின் பாட்டன்தான் ஆலையைக் கட்டியவராம். ஸ்கொட்லாந்தில் ஒரு ஆற்றங்கரை முழுவதும் இப்படிச் சக்கரம் பூட்டிய ஆலைகள் வரிசையாக இருந்தனவாம். அங்கே சிறுவயதிலேயே வேலைக்குச் சேர்ந்தவர், கப்பலேறி இங்கே வந்து, அதேமாதிரி ஆறு தேடி, அதேமாதிரி அணை கட்டி, அதேமாதிரி வாய்க்கால் வெட்டிச் சக்கரத்தைப் பூட்டினாராம். செல்வரட்ணம் ரெலிபோனில் எதையோ பார்த்தபடி தலையாட்டினார். கவனமாகக் கேட்டது மிதுஷா ஒருத்திதான். அந்தப் பிள்ளை எதிலாவது ஆசைப்பட்டுக் கேள்வி கேட்டு யோகராணி கண்டு எத்தனை நாள்!

சக்கரக்குழிக்கு இறங்க ஒரு கல்படி இருந்தது. அதன் வாசலில் இடுப்பளவில் ஓர் இரும்புப் படலை. அலஸ்டர் படலையைத் திறந்து அவர்களைக் கீழே கூட்டிப்போனார். சக்கரத்துக்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம். சக்கரத்துக்கு அப்பால் கல்லில் ஒரு திண்டு, அதற்குப் பின்னால் தண்ணீர் ஆற்றுக்குத் திரும்பிப் போகிற சுரங்கம். வெளியே காற்று ஊளையிட்டது, உள்ளே சத்தமே இல்லை. மிதுஷா அந்தத் திண்டில் போய்க் குந்திக்கொண்டு, இங்கே யாராவது வருவார்களா என்று கேட்டாள். சக்கரம் ஓடாத நேரத்தில் தவளைகூட வராது என்று அலஸ்டர் சிரித்தார்.

பிறகு அவர் ஒரு கதை சொன்னார். அந்த ஸ்கொட்லாந்து ஆலைகளில் வேலை செய்ததில் பாதிப்பேர் பிள்ளைகள். விடியமுன் வந்தால் இருட்டித்தான் வீட்டுக்குப் போவார்கள். சாப்பாட்டு நேரத்தில் மதகைச் சாத்திச் சக்கரத்தை நிறுத்துவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கங்காணியின் கண்ணில் படாமல் தூங்க, சில பிள்ளைகள் இந்த மாதிரிக் குழிக்குள் இறங்கிவிடுமாம். அதனால் மதகு திறக்குமுன் மதகுக்காரன் பாலத்தில் நின்று, குழிக்குள் கேட்கும்படியாக, எல்லாரும் வெளியில்தானா என்று மூன்று தரம் கேட்பான். பொறுப்பானவர் ஒருவர் ஓம் என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் மதகு திறக்கக் கூடாது. அந்த வழக்கத்தையும் பாட்டன் கப்பலில் கொண்டுவந்துவிட்டார், நானும் விடவில்லை என்றார் அலஸ்டர்.

கேட்காமல் விட்ட நாளில் என்ன நடந்தது என்று மிதுஷா கேட்டாள். அலஸ்டர் சக்கரத்தைப் பார்த்தார். அதனால்தான் கேட்கத் தொடங்கினார்கள் என்று மட்டும் சொன்னார். யோகராணி பிள்ளையின் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்துவிட்டாள்.

விழா நாளுக்கு முந்திய கிழமை முழுவதும் மழை. ஆறு பொங்கிப் போய்க் கிடந்தது. அணைக்கு மேலால் கலங்கல் தண்ணீர் புரண்டு விழுகிற இரைச்சல் கார் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்டது. வானம் வெளித்திருந்தது, அது ஒன்றுதான் ஆறுதல். காலையில் அலஸ்டர் வந்து, இன்றைக்குத் தண்ணீர் வழக்கத்தைவிட வேகமாக வரும், ஆறும் சுரங்க வாயை மூடுமளவுக்கு ஏறியிருக்கிறது, சக்கரத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோமா என்று கேட்டார். செல்வரட்ணம் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். சுபநேரத்தைச் சோதிடர் குறித்துத் தந்தாயிற்று, அதற்குப் பின்னால் ராகுகாலம். சக்கரத்தை இன்னொரு நாளைக்குச் சுற்றினால் பார்க்கிறதற்குக் குரங்குகளா வரும் என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, இங்கிலீசில் மரியாதையாக நன்றி சொன்னார்.

மண்டபத்து மணமகள் அறையில் மிதுஷாவைச் சோடித்தவர் செல்வரட்ணத்தின் அக்கா இராஜேஸ்வரி. அத்தை முறைக்கு அவர்தான் தண்ணீர் வார்த்து, ஆலாத்தி எடுக்க வேண்டியவர். நல்ல மனிசி, ஆனால் அதிகாரம் கூட. பிள்ளை ஒரு பொம்மைபோல இருந்தது. நெற்றிச்சுட்டி, அட்டியல், ஒட்டியாணம், தலைநிறையப் பூ. கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள், சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. யோகராணி குனிந்து, "வடிவா இருக்கிறாய்" என்றாள். பிள்ளை தாயை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருளைக் கேட்க நேரமில்லாமல் யாரோ வந்து யோகராணியைச் சாப்பாட்டுக்காரரிடம் கூட்டிப்போனார்கள்.

திரும்பி வந்தபோது அறையில் பிள்ளை இல்லை. இராஜேஸ்வரி தனியே நின்றார். ரொய்லெற்றுக்கு என்று சொல்லிவிட்டுப் போனவளாம், அங்கே பார்த்தால் இல்லையாம். யோகராணி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். எத்தனை ஆட்கள் வெளியே. மேளக்காரர் சுருதி பார்க்கிறார்கள். வீடியோக்கார ஜெனிஸ்ரன் கமராவை மேலே ஏற்றிவிட்டான், நேரலையும் தொடங்கிவிட்டது.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை ராணி" என்றார் இராஜேஸ்வரி, கதவைச் சாத்திக்கொண்டு. "பிள்ளை ஓடிட்டுது எண்டு ஒரு சனத்துக்குத் தெரிஞ்சால் காணும். காருக்குள்ள போய் முகத்தை நீட்டிக்கொண்டு இருப்பாள். நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன். நீ போய்ச் சிரிச்சுக்கொண்டு நில்."

யோகராணி போய்ச் சிரித்துக்கொண்டு நின்றாள். பாலத்தடியில், கணவனுக்குப் பக்கத்தில், காஞ்சிபுரம் சேலையில். செல்வரட்ணத்தின் காதில் மெதுவாக விசயத்தைச் சொன்னாள். அவருடைய முகத்தில் ஒரு சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. உதட்டை அசைக்காமல், "அக்கா கூட்டிக்கொண்டு வருவா. நீ வாயை மூடு" என்றார்.

அப்போதுதான் அலஸ்டர் பாலத்தின் நடுவுக்கு வந்தார். வாய்க்கால் நிறைந்து சக்கரம் வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், ஆகையால் பிள்ளை வருமுன்பே மதகைத் திறக்க வேண்டும். அவருடைய கையில் ஒரு வோக்கிடோக்கி. மேலே அணைக்கட்டில் அவருடைய ஆள் ஒருவன் மதகடியில் காத்திருந்தான். அவர் குழிப்பக்கம் குனிந்து, தன் பெரிய குரலில், எல்லாரும் வெளியில்தானா என்று கேட்டார். சனம் அதை ஒரு வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டியது. இரண்டாம் தரமும் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டுவிட்டு நிமிர்ந்து, பொறுப்பானவரின் பதிலுக்காக யோகராணியைப் பார்த்தார்.

அந்தக் கணத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று பிறகு பலரும் சொன்னார்கள். தெரிந்திருக்கவில்லை. பிள்ளை காருக்குள் இருக்கிறாள் என்றுதான் அவளும் நம்பினாள். ஆனால் இல்லை என்று சொன்னால் இந்த மனிதர் எல்லாவற்றையும் நிறுத்துவார், ஏன் என்று கேட்பார், நானூறு பேரும் பிள்ளையைத் தேடக் கிளம்புவார்கள், நேரலையில் உலகம் முழுவதும் பார்க்கும். செல்வரட்ணத்தின் மகள் சபையை விட்டு ஓடிவிட்டாள் என்று அடுத்த பத்து வருடத்துக்கு ஒவ்வொரு கலியாண வீட்டிலும் கதைப்பார்கள். செல்வரட்ணத்தின் கை அவளுடைய முழங்கையை மெதுவாக நெரித்தது. யோகராணி தெளிவாக, சத்தமாக, இங்கிலீசில் பதில் சொன்னாள்: ஓம், எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்.

அலஸ்டர் தலையசைத்து வோக்கிடோக்கியில் ஒரு சொல் சொன்னார். மேளம் தொடங்கியது. நாதஸ்வரம் அந்தக் கல்சுவரில் மோதித் திரும்பி வந்து காதை அடைத்தது.

தண்ணீர் வந்தது. வாய்க்காலின் தூரத்து முனையில் முதலில் ஓர் ஈரக் கோடு தெரிந்தது. பிறகு சருகையும் நுரையையும் உருட்டிக்கொண்டு மண்ணிறமாக ஒரு பெருக்கே வந்தது. சக்கரத்தின் முதல் பலகையில் விழுந்து, அடுத்ததில் விழுந்து நிறைத்தது. சக்கரம் ஒரு முனகலோடு அசைந்து, தயங்கி, சுழலத் தொடங்கியது. சனம் ஓவென்று கூவியது. குழிக்குள் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்க, யோகராணி கார் நிறுத்துமிடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

சனத்துக்குள்ளால் இராஜேஸ்வரி வருவது தெரிந்தது. தனியாக. ஆலாத்தித் தட்டு கையிலில்லை, முகத்தில் இரத்தமில்லை. கிட்ட வந்து, ஒரு காரிலும் இல்லை என்றார். மற்றதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, கையைத்தான் நீட்டிக் காட்டினார். கல்படியின் வாசலில் இரும்புப் படலை திறந்து கிடந்தது. அதன் கம்பியில் மல்லிகைச் சரம் ஒன்று சிக்கித் தொங்கியது.

யோகராணி கணவனைப் பிடித்து உலுப்பினாள். அவர் பார்த்தார், பார்த்தும், "கமரா பாக்குது ராணி, பொறு, நான் அந்த மனிசனிட்டைப் போய்ச் சொல்லுறன்" என்றார். ஆனால் கால் நகரவில்லை. மகள்மேல் பாசமில்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. நாலுபேர் முன்னால் தலை குனிவதை அவர் வாழ்க்கையில் ஒருநாளும் பழகவில்லை, அவ்வளவுதான். அந்தத் தயக்கத்துக்குள் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மேடையில் அறிவிப்பாளரின் கையிலிருந்து மைக்கைப் பறித்தாள். "என்ரை பிள்ளை கீழ நிக்குது. தண்ணியை நிப்பாட்டுங்கோ" என்று கத்தினாள்.

மேளம் நின்றது. நானூறு பேருக்கும் விளங்கியது. விளங்க வேண்டிய ஒருவருக்கு மட்டும் விளங்கவில்லை. அலஸ்டர் பாலத்தில் நின்று, இதுவும் சடங்கில் ஒரு பகுதியாக்கும் என்று நினைத்துச் சிரித்தபடி அவளைப் பார்த்தார். இத்தனை வருடம் இந்த நாட்டில் இங்கிலீஸ் பேசி வேலை பார்த்தவளுக்கு அந்த நேரம் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. வந்தபோது அது சொல்லாக வரவில்லை, அலறலாகத்தான் வந்தது. மனிதரின் முகம் மாறியது.

மதகைச் சாத்தினார்கள். சாத்தியும் தண்ணீர் நிற்கவில்லை. வாய்க்காலில் ஏற்கெனவே வந்துவிட்ட தண்ணீர் வந்து தீர வேண்டுமே! அது தன்பாட்டில், அவசரமில்லாமல், சக்கரத்தைச் சுற்றிக்கொண்டேயிருந்தது. அலஸ்டரும் இன்னும் சிலரும் படியடிக்கு ஓடினார்கள், ஆனால் சக்கரம் ஓடும்போது அந்த ஒடுக்கத்தால் யாரும் போக முடியாது. யோகராணியை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அவள் கும்பிடவில்லை. எந்தச் சாமியைக் கூப்பிட அவளுக்கு முகமிருந்தது? சக்கரத்தின் முனகல் மட்டும்தான் கேட்டது, அது மெல்ல மெல்லத் தேய்ந்து, ஒரு பலகை பாதியில் தொங்க நின்றது.

அலஸ்டர் உள்ளே போனார். வெளியே வர நெடுநேரம் எடுத்தது.

கையில் தூக்கிக்கொண்டு வந்தார். நெற்றிச்சுட்டி இல்லை, பூ இல்லை, ஒரு கையின் தோல் கல்லில் உரசி வழன்றிருந்தது. திண்டுக்கு மேலே சுவரில் ஓர் இரும்பு வளையம் இருந்ததாம், அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஆற்றுத் தண்ணீர் சுரங்கத்தால் பின்னேறி வந்து அவளுடைய கழுத்தளவுக்கு நின்றதாம். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்ததும் சனம் அழுதது, சிலர் கைதட்டினார்கள். செல்வரட்ணம் நிலத்தில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டார்.

இராஜேஸ்வரி கொண்டுவந்த துவாயால் யோகராணி மகளைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளைக்குப் பல் கிடுகிடுத்தது. அம்புலன்ஸ் மலையேறி வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். "ஒண்டுமில்லை ராசாத்தி, ஒண்டுமில்லை. அம்மா இருக்கிறன்" என்று யோகராணி திரும்பத் திரும்பச் சொன்னாள். உண்மையில் அதைத் தனக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மிதுஷா கண்ணைத் திறந்து தாயைப் பார்த்தாள். வருடக்கணக்காகத் தாயோடு இங்கிலீசில் மட்டும் பேசிய பிள்ளை, அன்றைக்குத் தமிழில் பேசினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, பிழை வந்துவிடக் கூடாது என்ற கவனத்தோடு பேசினாள்.

"அந்தத் தாத்தா மூண்டு தரம் கேட்டவர் அம்மா. எனக்கு வடிவாக் கேட்டது. நான் பேசாமல் இருந்தனான்."

"ஏன் பிள்ளை, ஏன் சத்தம் போடேல்லை?"

"என்னைக் காணேல்லை எண்டு நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

யோகராணி துவாயை இழுத்துப் பிள்ளையின் தோளை மூடினாள். பிள்ளை முகத்தைத் திருப்பி, நனைந்த உடுப்போடு நின்ற அலஸ்டரின் பக்கமாகக் கையை நீட்டினாள். அவர் குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டார்.